உஷார்! "அரசுக்கு ஒரு பைசா செலவில்லை" என்கிறார்களா?

உங்கள் ஊருக்கு மேம்பாலம் வருகிறது. புது பஸ் ஸ்டாண்டு வருகிறது. குப்பை அள்ள வெளியூர் கம்பெனி வருகிறது. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இதில் அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. எல்லாம் தனியார் முதலீடு" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. நீங்கள் மட்டும் தட்டாதீர்கள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டும் கம்பியும் யாரும் தானமாகத் தருவதில்லை. அரசு கொடுக்கவில்லை என்றால் கொடுக்கப்போகிற ஆள் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நாட்டின் தலைநகரில், உச்ச நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

டெல்லிக்கும் நொய்டாவுக்கும் நடுவே யமுனையைத் தாண்டிப் போகிறது டிஎன்டி சாலை. எட்டு வழி, ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். கட்டி முடிக்க ஆனது சுமார் 408 கோடி ரூபாய். 1997 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2001 பிப்ரவரியில் சாலை திறந்தது, அன்றே சுங்கமும் தொடங்கியது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் இந்த வேலைக்கென்றே ஒரு கம்பெனியை உருவாக்கியிருந்தது. திறந்த டெண்டர் எதுவும் இல்லாமல் பாலம் அதன் கைக்குப் போனது. கட்டு, நடத்து, வசூலி, 30 ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்துக்குள் ஒரு சூத்திரம் இருந்தது. மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருமானம் கம்பெனிக்குச் சேர வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. இரண்டு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் வாங்கிப் பழகிய நம் ஊர்க்காரருக்கு இது உறைக்கவே உறைக்காது. விஷம் அடுத்த வரியில் இருந்தது. எந்த ஆண்டு அந்த 20 சதவீதம் முழுசாக வரவில்லையோ, அந்த ஆண்டுத் துண்டு விழுந்த தொகை 'மொத்தத் திட்டச் செலவோடு' சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு 20 சதவீதம் அந்தப் பெருத்த தொகையின் மீது கணக்கிடப்படும். பராமரிப்புச் செலவும் அதே உண்டியலில்தான் விழும்.

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். பாலத்துக்கு ஆனது 100 ரூபாய் என்று வையுங்கள். முதல் ஆண்டு கம்பெனிக்குச் சேர வேண்டியது 20 ரூபாய். சுங்கத்தில் செலவு போக வந்தது 8. துண்டு 12. பாக்கி 112 ஆகிவிட்டது. இரண்டாம் ஆண்டு சேர வேண்டியது 22 ரூபாய் 40 காசு. வந்தது 9. துண்டு 13 ரூபாய் 40 காசு. பாக்கி 125 ரூபாய் 40 காசு. இரண்டு ஆண்டில் மக்கள் 17 ரூபாய் கட்டிவிட்டார்கள், கடனோ 25 ரூபாய் ஏறிவிட்டது. வட்டி குட்டி போடும் என்று கிராமத்தில் சொல்வார்கள். இங்கே குட்டியும் குட்டி போடுகிறது. ஒரு ரூபாய்கூட திரும்ப வராமல் 408 கோடி இந்தக் கணக்கில் 30 ஆண்டு கிடந்தால் ஏறக்குறைய 97,000 கோடியில் போய் நிற்கும். சுங்கம் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது என்பதால் உண்மை நிலவரம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் வண்டி எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரிகிறதா?

கந்துவட்டிக்காரன் வெற்றுப் பேப்பரில் கைநாட்டு வாங்குவான். இங்கே வக்கீல்கள் எழுதி, ஆலோசகர்கள் சரிபார்த்து, அரசு அமைப்பு ஒன்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. அதிலும் 30 ஆண்டில் கணக்கு தீராவிட்டால் இரண்டிரண்டு ஆண்டாக நீட்டிக்கொண்டே போகலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறது. சிக்கனமாக நடத்தினால் கம்பெனிக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. செலவு கூடினால் பாக்கி கூடும், பாக்கி கூடினால் உரிமை நீளும்.

நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 அக்டோபர் 26 அன்று சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. அங்கே தடை கிடைக்கவில்லை. போட்ட பணம் வந்துவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி சிஏஜியிடம், அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம், நீதிமன்றம் கேட்டது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. டெண்டர் இல்லாமல் கொடுத்தது தவறு, சுங்கம் வசூலிக்கும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது தவறு, அந்தச் சூத்திரம் செல்லாது.

அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விவரம் எனக்கு மறக்கவே மறக்காது. 2016 மார்ச் நிலவரப்படி கம்பெனிக்குச் சேர்ந்திருந்த நஷ்டம் எதுவும் இல்லை. கடனை எல்லாம் வட்டியோடு அடைத்துவிட்டது. பங்குதாரர்களுக்கு 243 கோடி ரூபாய் டிவிடெண்டும் கொடுத்திருக்கிறது. ஒரு கையால் டிவிடெண்ட் கொடுத்துக்கொண்டே, இன்னொரு கையால் 'போட்ட முதல் இன்னும் வரவில்லை' என்று ரசீது கிழித்திருக்கிறார்கள். இரண்டுமே கணக்குப்படி சரி. அப்படித்தான் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது.

உஷாராக வேண்டிய இடம் இதுதான். லஞ்சம் வாங்கினால் பிடிக்கலாம். கள்ள பில் போட்டால் எம்-புக்கை, அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்தை, புரட்டிப் பிடிக்கலாம். சட்டப்படி, முறைப்படி, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த நஷ்டத்தை எந்த ஆடிட்டர் எப்படிப் பிடிப்பார்?

நம் ஊர் ஆடிட்டின் பழக்கம் தெரிந்ததுதானே. வவுச்சர் இருக்கிறதா, மூன்று கொட்டேஷன் இருக்கிறதா, கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரம் இருக்கிறதா. இல்லையென்றால் ஒரு பாரா விழும். ஆபீஸ்காரர்கள் பதில் எழுதி, நடையாய் நடந்து, அந்தப் பாராவை 'டிராப்' செய்ய வைப்பார்கள். இது ஒரு வகைத் தணிக்கை. கொடுத்த காசுக்குப் பொருள் பெறுமா என்று கேட்பது வேறு வகை. சிக்கனமாக வாங்கினார்களா, வாங்கியதைத் திறமையாகப் பயன்படுத்தினார்களா, கடைசியில் மக்களுக்குப் பயன் கிடைத்ததா என்ற மூன்று கேள்விகள். செயல்திறன் தணிக்கை என்பது இதன் பெயர். இரண்டாவது வகைதான் பயனுள்ளது. அதுதான் குறைவாகவும் நடக்கிறது. நடந்தாலும் பாலம் எழுந்து, ரிப்பன் வெட்டி, கையெழுத்துப் போட்டவர் ரிட்டயர்டு ஆனபிறகு நடக்கிறது. நோயாளி நடமாடும்போது வராத டாக்டர் போஸ்ட்மார்ட்டத்துக்குத் தவறாமல் வருவது மாதிரி.

அப்படி வந்தாலும் கதவு திறக்குமா என்பது நிச்சயமில்லை. தனியார் தொலைத்தொடர்பு கம்பெனிகளின் கணக்கை சிஏஜி பார்க்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் வருமானத்தில் அரசுக்குப் பங்கு உண்டு, அதனால் பார்க்கலாம். அதே ஆண்டு டெல்லி அரசு, மின் விநியோகக் கம்பெனிகளின் கணக்கையும் பாருங்கள் என்று சிஏஜியிடம் சொன்னது. அந்தக் கம்பெனிகளில் 49 சதவீதப் பங்கு அரசுடையது. 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பாதிக்குப் பாதி பங்குதாரராக இருந்தும் கல்லாவைத் திறந்து காட்டச் சொல்ல முடியவில்லை. நம்மூர் மளிகைக் கடையில் கூட்டு வியாபாரம் செய்பவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

'இதெல்லாம் டெல்லி விவகாரம்' என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறவர்களுக்குத் திருப்பூரைச் சொல்கிறேன்.

டிஎன்டியைக் கட்டிய அதே ஐஎல் அண்ட் எஃப்எஸ், தமிழ்நாடு அரசு, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம். சுமார் 1,000 கோடி ரூபாய். இந்தியாவில் குடிநீரைத் தனியாரோடு கூட்டுச் சேர்ந்து கொண்டுவந்த முன்னோடித் திட்டம் என்று அப்போது கொண்டாடினார்கள். கணக்கு இப்படி: சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கும், அந்த வருமானத்தில் நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் கொடுக்கலாம். காகிதத்தில் அழகான கணக்கு.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு அந்தக் கணக்கில் இல்லை. சாயக்கழிவு ஆற்றைக் கொன்றுகொண்டிருந்தது, விவசாயிகள் நீதிமன்றத்தில் இருந்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, புதுத் தண்ணீரின் தேவை குறைய ஆரம்பித்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பெரிய வாடிக்கையாளர் கூட்டம் ஒரே நாளில் காணாமல் போனது. குழாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கடன் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. இந்தத் திட்டத்தால் குடிநீர் கிடைத்த வீடுகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கேள்வி வேறு: 'இவ்வளவு பேர் வாங்குவார்கள்' என்று எழுதியவரை, அப்படி வாங்காவிட்டால் இழப்பு யார் தலையில் என்று கையெழுத்துக்கு முன்னால் யார் கேட்டார்கள்? ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸோ 2018இல் 90,000 கோடிக்கும் மேல் கடனோடு கவிழ்ந்தது. மத்திய அரசு அதன் நிர்வாகக் குழுவைக் கலைத்து வேறு ஆட்களை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஆடிட் அறிக்கை என்றாலே பெரிய பூஜ்யங்களைத்தான் பத்திரிகைகள் தேடுகின்றன. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன், குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் அரசுக்கு இழப்பு என்று சிஏஜி சொன்ன 1.76 லட்சம் கோடி என்ற எண் ஊரெல்லாம் ஒலித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017இல் கிரிமினல் வழக்கில் எல்லோரும் விடுதலை ஆனார்கள். இன்றுவரை அந்த எண் சரியா தப்பா என்றுதான் டீக்கடையில் சண்டை, ஏலம் விடாமல் கொடுத்த முறை சரியா என்ற பேச்சு எங்கோ போய்விட்டது. டெல்லி விமான நிலையத்திலும் அதே கதை. அதை நடத்தும் தனியார் கம்பெனிக்குச் சுமார் 240 ஏக்கர் நிலம், வணிகப் பயன்பாட்டுக்கு, ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகை. 58 ஆண்டில் அதிலிருந்து 1,63,557 கோடி ரூபாய் சம்பாதிக்க வாய்ப்பு என்று 2012இல் சிஏஜி எழுதியது. அரை நூற்றாண்டு கழித்து வரும் ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒன்றாகக் கூட்டலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சண்டையில், ஏலத்தின்போது சொல்லாத வளர்ச்சிக் கட்டணத்தைப் பின்னால் பயணிகள் தலையில் கட்டினார்கள் என்ற அதே அறிக்கையின் குற்றச்சாட்டு காதில் விழவே இல்லை. 3,415 கோடி. அது யாருடைய ஊகமும் அல்ல, டிக்கெட்டோடு சேர்த்து வாங்க அனுமதித்த பணம்.

துவாரகா விரைவுச் சாலையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்று மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்தது, 250.77 கோடிக்கு அனுமதித்திருக்கிறார்கள் என்று 2023இல் சிஏஜி சொன்னதும் மீம் மழை. 18 கோடி என்பது நாடு முழுவதுக்குமான சராசரி, இங்கே சுரங்கப்பாதையும் உயர்த்திய சாலையும் வருகிறது, ஒப்பிடக் கூடாது என்றது அமைச்சகம். அது சரியாகவே இருக்கட்டும். தரையில் 70 மீட்டருக்கு மேல் அகலமாக நிலம் கையில் இருக்கும்போது எட்டு வழியை ஏன் மேலே தூக்கிக் கட்டத் திட்டமிட்டார்கள் என்பதற்கு ஃபைலில் காரணமே எழுதப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எனக்கு 250 கோடியைவிட ஃபைலில் உள்ள அந்தக் காலி இடம்தான் பயமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் கூட்டத்தில் பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து போகாதவர் குறைவு. தென்னிந்தியச் சுங்கச்சாவடிகளைப் பற்றி 2023இல் வந்த சிஏஜி அறிக்கை, ஐந்து சாவடிகளில் விதிக்குப் புறம்பாக 132 கோடி ரூபாய் வசூலானது என்றது. அந்த ஐந்தில் பரனூரும் உண்டு. உங்கள் ஃபாஸ்டேகில் கழிந்தது எவ்வளவோ, அது உங்களுக்குத் திரும்ப வந்ததா?

இனி வரப்போவதைச் சொல்ல வேண்டும். சாலை, மின்கம்பி, கிடங்கு, ரயில் நிலையம் என்று அரசுச் சொத்துகளை நீண்ட காலத்துக்குத் தனியாரிடம் கொடுத்து 6 லட்சம் கோடி திரட்டுவதாக 2021இல் மத்திய அரசு திட்டம் போட்டது. 2025 பட்ஜெட்டில் அடுத்த ஐந்து ஆண்டுக்கு 10 லட்சம் கோடி என்று இலக்கை உயர்த்தியது. ஒவ்வொரு உள்கட்டமைப்பு அமைச்சகமும் மூன்று ஆண்டுக்கான கூட்டுத் திட்டப் பட்டியல் போட வேண்டும் என்றும் அதே பட்ஜெட் சொன்னது. ஒப்பந்தங்கள் குவியப் போகின்றன. மறுபக்கம், மத்திய அரசு பற்றிய சிஏஜி அறிக்கைகள் 2015இல் 55, 2020இல் 14 என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு நாளிதழ் பதில் வாங்கியது. எழுதிய அறிக்கையும் எப்போது வெளிவரும் என்று சொல்ல முடியாது. அறிக்கையைச் சபையில் வைக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம், எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லி அரசு பற்றிய 14 சிஏஜி அறிக்கைகள் பரணில் கிடந்து, 2025இல் ஆட்சி மாறிய பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்கின. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் பரண் வசதியானதுதான்.

ஆகவே ஆடிட்டர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் குப்பையோ, தண்ணீரோ, தெருவிளக்கோ, பார்க்கிங்கோ தனியாரிடம் போகிறது என்று காதில் விழுந்த அன்றே ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'வணிக ரகசியம்' என்று தட்டிக்கழிப்பார்கள். பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். தாளை மட்டுமல்ல, நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் முன்னுரையையும் வரைபடத்தையும் விட்டுத் தள்ளுங்கள். பணம் வரும் பக்கத்துக்குப் போங்கள். வருமான உத்தரவாதம் என்று ஒரு சதவீதம் இருக்கிறதா? இருந்தால், வராத தொகை அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறுமா? பயன்படுத்தாவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று இருக்கிறதா? கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் அந்த லாபத்தில் நகராட்சிக்குப் பங்கு உண்டா, அல்லது நஷ்டத்தில் மட்டும்தான் பங்கா? ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டணம் தானாக ஏறும்? கெடு முடிந்தால் நீட்டிக்க யாருக்கு அதிகாரம்? பாதியில் கம்பெனி ஓடிப்போனால் நகராட்சி அதற்குக் கொடுக்க வேண்டுமா, கம்பெனி நகராட்சிக்குக் கொடுக்க வேண்டுமா? அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அரசுத் தணிக்கைக்கு உரிமை உண்டு என்று ஒரு வரியாவது இருக்கிறதா? கடைசி வரி இல்லையென்றால் உங்கள் கவுன்சிலர் வீட்டுக் கதவை அன்றைக்கே தட்டுங்கள்.

தனியார் கூட்டே கூடாது என்று கொடி பிடிக்கவில்லை. நல்ல சாலைக்குக் காசு கொடுக்க எனக்குச் சம்மதம். எவ்வளவு, எதுவரைக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். டிஎன்டியில் அது தெரியவர வழக்கு நான்கு ஆண்டு நடக்க வேண்டியிருந்தது. சுங்கம் நின்றபோது சாலை திறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது. இறுதித் தீர்ப்பு வந்தபோது ஒப்பந்தத்தில் மை காய்ந்து 27 ஆண்டு. அதுவரை கட்டியவர்கள் கட்டியவர்கள்தான், ஒருவர் கையிலும் ஒரு ரூபாயும் திரும்ப வரவில்லை.

உங்கள் நகராட்சி கடைசியாகப் போட்ட குப்பை ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? தெரியாதென்றால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறந்திருக்கும். போய்க் கேளுங்கள்.